வடக்கு வரிசைப் புகை

மார்ச் 3, திங்கள்

இன்று அவரிடம் சொல்லாமல் விட்டது: நீங்கள் திட்டுகிற அந்தப் புகையைப் போடுவது நான்தான்.

சொல்வதற்கு வாகான நேரமும் வந்தது. மதியம் கப்பலிலிருந்து கொஞ்ச நேரம் கரைக்கு விட்டிருந்தார்கள். வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, குழாயடியில் நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி என்னிடமே காட்டினார்.

"பாரு, கரி. சங்கு ஊதினா போதும், எங்கேருந்தோ நாலு வேலையத்தவனுங்க கிளம்பி வந்து துறைமுகம் பூரா புகையைப் போட்டு மூடிடறானுங்க. எதிரி குண்டுல சாகறோமோ இல்லையோ, இவனுங்க புகையில இருமியே போய்ச் சேர்ந்துடுவோம்."

மாடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிய அத்தையும் சேர்ந்துகொண்டார். "உனக்கு மூக்கோட போச்சுடா. என் வெள்ளை விரிப்பைப் பாரு, அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா. அவனுங்க மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

தாயும் மகனும் ஒரே குரலில் என்னைத் திட்டுகிறார்கள், அதுவும் என் முகத்துக்கு நேராக. சிரித்துவிடுவேனோ என்று பயந்து தேநீர் போட உள்ளே போய்விட்டேன். "பாவம், அவங்க வேலையை அவங்க பார்க்கறாங்க" என்று மட்டும் உள்ளிருந்தே சொன்னேன்.

"யார் பாவம்? அவனுங்களா, நானா?"

"ரெண்டு பேரும்."

கிளம்பும்போது பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார்: "சங்கு ஊதினதும் பிரஸ் நிலவறைக்குப் போயிடறே இல்ல?"

"ம்."

"அது போதும் எனக்கு. எஞ்சின் அறையில இருந்தா மேலே என்ன நடக்குதுன்னே தெரியாது. நீ மண்ணுக்கடியில பத்திரமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேதான் வேலையைப் பார்க்கறேன்."

இவ்வளவு சின்னப் பொய்யை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒரே எழுத்து. அதிலும் புள்ளி வைத்த எழுத்து.

அச்சகம் சாத்தி இரண்டு மாதம் ஆகிறது. காகிதம் வரவில்லை. அச்சே இல்லாத இடத்தில் மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு என்ன வேலை? புகைப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன். சொன்னால் மறுநாளே உள்நாட்டுப் பக்கம் நாத்தனார் வீட்டுக்கு மூட்டை கட்டச் சொல்வார். அது மட்டுமில்லை. சொன்னால் அந்த எஞ்சின் அறையில் அவர் நினைத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஒருவருடைய நிம்மதியை நம் பொய் தாங்கிக்கொண்டிருந்தால், அதை எப்போது உருவுவது?

மார்ச் 5, புதன்

பயிற்சி. எங்கள் தலைவியை எல்லோரும் டிரில் டீச்சர் என்கிறோம். பெண்கள் பள்ளியில் அதுதான் அவர் வேலை. பள்ளியை மூடியபோது விசிலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். எங்களில் பேரன் எடுத்தவளும் இருக்கிறாள், அவளையும் சேர்த்து "ஏய் பொண்ணுங்களா" என்றுதான் கூப்பிடுவார்.

வேலை எளிது. துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு வரிசை டிரம், வடக்கே ஒரு வரிசை டிரம். ஒவ்வொன்றிலும் கழிவெண்ணெய். எண்ணெயில் நனைத்த கந்தலைக் கொளுத்தி உள்ளே போட்டு, பிடித்ததும் மூடியைப் பாதி சாத்த வேண்டும். முழுக்கத் திறந்தால் தீ, பாதி சாத்தினால் புகை. காற்று தெற்கிலிருந்து வந்தால் தெற்கு வரிசை, வடக்கிலிருந்து வந்தால் வடக்கு வரிசை. அப்போதுதான் புகை துறைமுகத்தின் மேல் படுக்கும். மாற்றிக் கொளுத்தினால் புகை வெளியே போய்விடும், கப்பல்கள் அம்மணமாய் நிற்கும்.

ஆகவே எல்லாம் காற்றைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. நாங்கள் நிற்பது கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்தில். அங்கே காற்று நாலு சுவரிலும் முட்டி முகத்தில் எல்லாப் பக்கமிருந்தும் அடிக்கும். திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப் பை போன முறை பொறி பட்டு எரிந்துவிட்டது. புதுசு கேட்டால் "வரும்" என்கிறார்கள்.

டிரில் டீச்சர் விரலை நீட்டினார். "அதோ, அந்த மாடியில தினமும் வெள்ளை விரிப்பு தொங்குது பாரு. அது எந்தப் பக்கம் உப்புதோ அதைப் பார்த்துச் சொல்லு. நீதான் கண்ணுல எழுத்துப் பிழை பிடிக்கிறவளாச்சே."

அது எங்கள் மாடி. அத்தையின் துணிக்கொடி. சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது எனக்கு ஒரு தொழிலாகிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

விரிப்பு வடக்கே உப்பியது. காற்று தெற்கிலிருந்து. சங்கு ஊதவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அவர் கப்பலுக்கு வேலை அதிகம். கடலில் மிதக்கிற கண்ணிவெடிகளைத் தேடி வாருகிற சின்னக் கப்பல் அது. ஊரே ஓடி ஒளிகிற ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறவர், என்னை நிலவறையில் இருக்கச் சொல்கிறார்!

அத்தை என் நகங்களைப் பார்த்தார். "என்னம்மா இவ்வளவு கறுப்பு?"

"அச்சு மை, அத்தை."

"ஓ." ஒரு நிமிஷம் கழித்து, "மைக்கு மண்ணெண்ணெய் வாசனையெல்லாம் சேர்க்கறாங்களா இப்போ?"

"தேய்ச்சுக் கழுவறதுக்கு."

"ஓஹோ" என்றார். பிறகு விரிப்பிலிருந்த கரிப் புள்ளிகளைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டே, "இதுக்கு ஒரு வழி பண்றேன் இரு" என்று துணியைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

குண்டு வீச்சு. எனக்கொன்றும் இல்லை. அத்தைக்கும் ஒன்றும் இல்லை.

நான் பார்த்துச் சொன்னது தப்பு. வடக்குன்னு சொன்னேன். வடக்கு இல்ல. ஐயோ, வடக்கு இல்ல.

அவர் கப்பல் உள்ளேதான் நின்னுது.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று பொழுது சாயும் நேரம். மேகம் இறங்கிக் கிடந்தது, கீழே மங்கலான வெளிச்சம். சங்கு ஊதியது. சந்துக்கு ஓடினோம். டிரில் டீச்சர் "காத்து?" என்று கத்தினார். நான் மாடியைப் பார்த்தேன். விரிப்பு தெற்கே உப்பிக்கொண்டு நின்றது. சந்தேகமே இல்லை. "வடக்குக் காத்து!" என்றேன். விசில். வடக்கு வரிசையை மளமளவென்று கொளுத்தினோம்.

புகை எழுந்தது. எழுந்து, ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே போயிற்று. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத சேற்றுவெளிக்கு மேல்.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? அலை வற்றினால் பளபளக்கிற சேறு. நண்டு வளை. வேறொன்றும் இல்லை. இந்தப் பக்கம் எல்லாக் கப்பலும் பளிச்சென்று தெரிந்தது. அவருடையதும்.

"தெற்கு! தெற்கு வரிசைக்கு ஓடுங்க!" என்றார் டிரில் டீச்சர். பாதி தூரம்கூடப் போகவில்லை. விமானச் சத்தம் தலைக்கு மேல் வந்துவிட்டது. என் பின்கழுத்தைப் பிடித்துச் சாக்கடைக்குள் தள்ளினார், அவரும் மேலே விழுந்தார். அவருடைய விசில் என் காதில் குத்திக்கொண்டிருந்தது.

தரை குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது. நான் என்ன நினைத்தேன்? கடவுளை நினைக்கவில்லை. மெய்ப்பில் விட்ட ஒரு பிழை அச்சேறி ஊரெல்லாம் போய்விட்டால் எல்லாப் பிரதியையும் பிடுங்கிக் கிழிக்கத் தோன்றுமே, அதை நினைத்தேன். அது இதன் ஓரத்துக்குக்கூட வராது. புகைப் போர்வையை நானே இழுத்து அவரை வெளியே கிடத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு மழை பெய்தது. சேற்று மழை. சொத் சொத்தென்று கறுப்புச் சேறு வானத்திலிருந்து விழுந்தது. சத்தம் அடங்கி எழுந்து பார்த்தபோது டிரில் டீச்சரின் தலையில் ஒரு சின்ன நண்டு. இரண்டு பேருக்குமே அதைத் தட்டிவிடத் தோன்றவில்லை.

அவர் கப்பல் கட்டியிருந்த இடத்துக்கு ஓடினேன். வாசலில் காவலர் நிறுத்தினார்.

"உள்ளே விட மாட்டோம்மா."

"அந்த மூணாவது துறையில நின்ன சின்னக் கப்பல்..."

"கப்பலைப் பத்திப் பேசக்கூடாதுன்னு உத்தரவு."

"மூழ்கிடுச்சான்னாவது சொல்லுங்க. தலையை ஆட்டினாக்கூடப் போதும்."

அவர் தலையை ஆட்டவில்லை. பிடித்து வைத்ததுபோல வைத்திருந்தார். பாவம், உத்தரவு கழுத்துக்கும் சேர்த்துத்தான்போல. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். துறையில் கப்பல் இல்லை. அறுந்த கயிறு ஒன்று தண்ணீரில் தொங்கியது. போய்விட்டதா? அடியில் கிடக்கிறதா? காலித் தண்ணீரைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

மார்ச் 13, வியாழன்

விடிந்ததும் மாடிக்குப் போனேன். எப்படி அந்தப் பிழை வந்தது என்று தெரிய வேண்டும்.

துணிக்கொடி பழைய இடத்தில் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், தொட்டிச் சுவரை ஒட்டினாற்போல மாற்றிக் கட்டியிருந்தது. தெற்கிலிருந்து வருகிற காற்று தொட்டியைத் தாண்டிக் குதித்து, சுருண்டு, திரும்பி வந்து துணியைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. என் கண்முன்னாலேயே விரிப்பு தலைகீழாக உப்பிற்று. கீழே சந்திலிருந்து பார்த்தால் தொட்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாது. வெள்ளை மட்டும்தான் தெரியும். விரிப்பு முழுக்கச் சேறு.

அத்தை படியேறி வந்தார். "கரி படாம இருக்கட்டுமேன்னு செவ்வாய்க்கிழமை காலையிலதான் தொட்டி மறைவுல கட்டினேன். கரி படல. சேறு வந்து விழுது. எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு!"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் சொன்னேன். அச்சகம் சாத்தியது, டிரம், விசில், இந்தக் கொடியைப் பார்த்துக் காற்றுச் சொல்வது, எல்லாம்.

அத்தை விரிப்பில் ஒட்டிக் காய்ந்த சேற்றை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

"புகைன்னு ரெண்டு மாசமா தெரியும்டி. மூக்கு என்ன கழட்டியா வச்சிருக்கேன்? உன் தலையணையை மோந்து பார்த்தாலே தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேட்கலை?"

"நீ சொல்லணும்னு பார்த்தேன். ஆனா என் துணியைப் பார்த்துக் காத்துச் சொல்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடியை மாத்தியே இருக்க மாட்டேனே."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பெற்ற பிள்ளை எங்கே என்று தெரியாமல் நின்றுகொண்டு, என் தலையில் காய்ந்திருந்த சேற்றையும் உரிக்க ஆரம்பித்தார்.

பிறகு டிரில் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "மேலதிகாரி கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"நீ பார்த்துச் சொன்னே. விசில் யார் ஊதினது?"

"நீங்க."

"அப்புறம் என்ன? விசில் ஊதினவளைத்தான் கேட்பாங்க. போய்த் தூங்கு."

மார்ச் 14, வெள்ளி

தகவல் இல்லை. அத்தை மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார்.

மார்ச் 15, சனி

டிரில் டீச்சர் மூச்சிரைக்க வீட்டுக்கே வந்தார். குன்றின் மேலிருக்கிற பீரங்கிக்காரர்களிடம் பேசிவிட்டு நேரே இறங்கி வந்திருக்கிறார்.

"உட்காரு, கேளு. துறைமுகத்துல விழுந்தது ஒரே ஒரு குண்டு. நிலக்கரி இறக்கற கரித்துறையில. மத்ததெல்லாம் எங்கே விழுந்துச்சு?"

"சேத்துல."

"ஏன் விழுந்துச்சு?"

வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்.

"அவனுங்க நாலு தடவை இங்கே வந்திருக்கானுங்க. நாலு தடவையும் நாம துறைமுகத்தைப் புகையால மூடினோம். அதனால புகை எங்கேயோ அங்கேதான் துறைமுகம்னு அவனுங்களுக்கு மனசுல பதிஞ்சு போச்சு. மேகத்துக்கு நடுவுல ஒரு நிமிஷம்தான் கீழே தெரியும். புகை தெரிஞ்சுது, ஓரத்துல பளபளன்னு ஏதோ தெரிஞ்சுது. முதல்ல வந்தவன் போட்டான். பின்னால வந்தவனுங்களும் அங்கேயே கொட்டிட்டுப் போயிட்டானுங்க. நீ சரியாப் பார்த்துச் சொல்லியிருந்தா..."

முடிக்கவில்லை. நாங்களும் முடிக்கவில்லை. சரியாகச் சொல்லியிருந்தால் புகைக்கு அடியில் கப்பல்கள் இருந்திருக்கும்.

அத்தை மெல்லக் கேட்டார்: "அப்போ இவ சொல்லாம விட்டது நல்லதாப் போச்சுங்கறீங்களா?"

"நல்லதுன்னு நான் எப்படிம்மா சொல்றது? அதை ஒரு முறையா வச்சுக்க முடியாது. அடுத்த வாரத்துக்குள்ள எனக்கு ஒரு காத்துப் பை வேணும்."

அவர் போன பிறகு மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது, ஆனால் முழுக்க இல்லை. கரித்துறையில் காவலுக்கு நின்ற இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இந்த மாதிரிச் சமாதானம் எதுவும் செல்லாது. என் பிழையால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால், அந்த இரண்டு பேரிடம் வந்து நின்றுவிடுகிறது.

அவர் கப்பல் குண்டில் போகவில்லை. இது மட்டும் தெரியும். இதை வைத்துக்கொண்டு இன்று தூங்கலாம்.

மார்ச் 17, திங்கள்

வந்துவிட்டார்!

மதியம். அத்தை விரிப்பை மூன்றாவது முறையாக ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் பூட்ஸ் சத்தம். "பசிக்குது" என்றது குரல். அவ்வளவுதான், வேறு முன்னுரை இல்லை. அத்தை சோப்புக் கையோடு போய் அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அதே கையால் அதே கன்னத்தைத் தடவினார். முகமெல்லாம் நுரை.

"எங்கேடா போனே?"

"கடலுக்குத்தான். அன்னைக்கு முதல் குண்டு விழுந்ததுமே கயித்தை வெட்டிட்டு வெளியே போகச் சொல்லிட்டாங்க. போகிற வழியிலயே அவனுங்க கண்ணி போட்டுட்டுப் போயிருந்தானுங்க. எல்லாத்தையும் வாரி முடிச்சுட்டு இப்பத்தான் உள்ளே விட்டாங்க."

சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே பேசினார். பேசிக்கொண்டே சாப்பிட்டார். நான் ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டு அவர் தொண்டையில் விழுங்குவது தெரிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேலே ஏறி வந்து பார்க்கிறேன், வானம் அப்படியே தெரியுது. புகையே இல்ல. தொலைஞ்சோம்டான்னு நினைச்சேன். பார்த்தா எல்லாப் புகையும் அந்தச் சேத்துக்கு மேல! குண்டும் அங்கேயே போய் விழுது! எங்க கேப்டன் வாயைத் திறந்தவர் மூடவே இல்ல. எப்பவும்போலப் புகை எங்க மேல இருந்திருந்தா கண்ணு தெரியாம அங்கேயே சுத்திக்கிட்டு நின்னிருப்போம். வடக்கு வரிசையைக் கொளுத்தின புண்ணியவான் யாருன்னு மட்டும் தெரியட்டும், கால்ல விழறேன்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். இரண்டு காலையும் நீட்டினேன்.

"விழுங்க" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். என் காலைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார்.

"பிரஸ்?"

"சாத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

"நிலவறை?"

"பூட்டுப் போட்டிருக்கு."

"நான் அங்கே உன்னை மண்ணுக்கடியில வச்சுட்டு..." முகம் சிவந்துவிட்டது. தட்டைத் தள்ளினார்.

"அன்னைக்குச் சாக்கடைக்குள்ளதான் இருந்தேன். கிட்டத்தட்ட மண்ணுக்கடிதான்."

அது எடுபடவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அத்தை "போகட்டும், காத்து வாங்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே கேட்டார்:

"சங்கு ஊதினா எங்கே நிப்பே? காட்டு."

கிடங்குச் சந்தைக் காட்டினேன்.

"சாக்கடை?"

அதையும் காட்டினேன்.

"ஆழம் இருக்கா?"

"எனக்கு மேல டிரில் டீச்சர் படுக்கிற அளவுக்கு இருக்கு."

"சரி. நினைச்சுக்க ஒரு இடம் வேணும் எனக்கு. பொய்யா இருந்தா வேண்டாம்."

அங்கேயே மண்டியிட்டு என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கேலிக்குத்தான் செய்தார். ஆனால் விடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

விரிப்பின் கறை போகவே இல்லை. அத்தை அதை வெட்டிக் காற்றுப் பையாகத் தைத்து டிரில் டீச்சரிடம் கொடுத்தனுப்பினார். "இனிமே என் துணியை யாரும் பார்க்க வேண்டாம்னு சொல்லு" என்றார். கொடியைப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டார்.

நவம்பர் 12, புதன்

நெடுநாள் எழுதவில்லை. சண்டை நின்று மூன்று வாரம் ஆகிறது. புகைப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். டிரில் டீச்சர் விசிலோடு பள்ளிக்குத் திரும்பிவிட்டார். அச்சகம் திறந்துவிட்டது; முதல் மெய்ப்பிலேயே ஒரு பிழையை விட்டுவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் கப்பலுக்கு மட்டும் ஓய்வில்லை. சண்டை நின்றது கடலில் கிடக்கிற கண்ணிகளுக்குத் தெரியாதே. தினமும் காலையில் போகிறார்கள், சாயங்காலம் திரும்புகிறார்கள். எங்கே போகிறார் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். நானும் நினைத்துக்கொள்ள ஒரு இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். மழை தூற ஆரம்பித்தது. அத்தை கீழேயிருந்து கத்த, மாடிக்கு ஓடிப்போய்த் துணிகளையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றிலும் கரி இல்லை.